பதினாறு கன்னிமார்

கள்ளக்குறிச்சி
ஆனி 27

அன்புள்ள மகள் சந்தியாவுக்கு அப்பா ஆதிமூலம் எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்கிறாய் என்பது நீ போடுகிற போட்டோவிலேயே தெரிகிறது, அதனால் அதைக் கேட்கவில்லை. இங்கே நான் சுகம், தம்பி அறிவுச்செல்வன் சுகம், கறவை மாடு இரண்டும் சுகம், கரும்பு பழுதில்லை, மரவள்ளியில்தான் மாவுப்பூச்சி விழுந்திருக்கிறது. அம்மா சுகமா என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் ஒரு வரியில் அடங்காது, அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் என்ன என்று நினைப்பாய், வீட்டில் இருக்கிற நல்ல போன் உன் அம்மாவின் இடுப்பில் இருக்கிறது, நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பேசினாலும் யாரு பாப்பாவா என்று கேட்டுக்கொண்டே வந்து நிற்கிறாள், அறிவின் போனில் பேசலாம் என்றால் அவன் அம்மா கட்சி, அன்று மாலையே போட்டுக்கொடுத்துவிடுவான். நல்ல வேளையாக கூட்டுரோட்டு உரக்கடை வீட்டுப் பையன் சரத்குமார் படிப்பதற்காக உன் ஊருக்கே வருகிறான், செவ்வாய்க்கிழமை விமானம். அவனிடம் உன் அம்மா வேர்க்கடலையை வறுத்து வெல்லத்தில் பிடித்த மல்லாட்டை உருண்டை ஒரு டப்பா கொடுத்துவிடுகிறாள், டப்பாவின் அடியில் இந்தக் கடிதத்தை நான் வைத்திருக்கிறேன். உருண்டையைத் தின்றுவிட்டுக் கடிதத்தைப் படிக்காமல் விட்டுவிடாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. நீ ஒரு ஏரிக்குக் கிளம்புகிற நேரத்திலிருந்து கரை ஏறிட்டேன் என்று உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வருகிற வரைக்கும் உன் அம்மா பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. ஏறினதும் ஒரு வார்த்தை போடு என்று ஒவ்வொரு தடவையும் உன்னிடம் சொல்கிறாளே, ஏதோ அம்மாக்காரி வழக்கமாகச் சொல்வது என்றுதானே நீ நினைத்தாய், அது அவளுக்குச் சோற்றுக் கணக்கு. உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடமும் தம்பியிடமும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியத்தை நான் இப்போது மீறுகிறேன், ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, ஆடி பத்தாம் தேதியிலிருந்து பௌரன் ஏரிகளுக்குப் போகிறேன், ஒரு ஏரி இல்லைப்பா, சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக ஏரிகள், ஒரு ஏரி முடிந்ததும் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும், சுற்றி வர எட்டு நாள், எட்டு நாளும் டவரே கிடையாது, எவ்வளவு நிம்மதி தெரியுமா என்று சொன்னாய். உனக்கு நிம்மதி. போனை வைத்துவிட்டு உன் அம்மா எட்டு நாளா என்று ஒன்றுதான் கேட்டாள். சர்க்கரைக்கு வேளைக்கு ஒரு மாத்திரை போடுகிறவள் எட்டு நாள் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், நீதான் இன்ஜினியர்.

இது எங்கே ஆரம்பித்தது என்றால் நம் பெரியேரிக் கரையில்தான். மதகுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் கன்னிமார் ஏழு பேர் இருக்கிறார்கள் இல்லையா, ஏழு கல், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது. மீன் பிடிக்க இறங்குகிறவனும் சரி, எருமை கழுவ இறங்குகிறவனும் சரி, ஒரு ஆவாரம்பூவாவது கிள்ளி வைத்து, இறங்கறேன் தாயே என்று கேட்டுவிட்டுத்தான் காலை நனைப்பான். எனக்கு அதெல்லாம் கிடையாது. என் கல்யாணமே ஐயர் இல்லாமல், நல்ல நேரம் பார்க்காமல், ராகுகாலத்தில் வேண்டுமென்றே வைத்து நடந்த கல்யாணம், முப்பது வருஷமாக நான் கும்பிட்டு ஒருவரும் பார்த்ததில்லை, உன் அம்மாவும் என்னைக் கும்பிடு என்று வற்புறுத்தியதில்லை. அவள் வழி அவளுக்கு, என் வழி எனக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன இரண்டாவது மாதம் ஆஸ்திரேலியாவில் ஒரு ரோஸ் கலர் ஏரியின் படத்தை அனுப்பினாய் பார், அன்றைக்குப் பிடித்தது சனியன்.

உன் அம்மா அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், கழற்றிவிட்டுப் பார்த்தாள், இன்னா இது, சாயப்பட்டற தண்ணிய வுட்டாப்பல கீது என்றாள். அது உப்பு ஏரி, தண்ணீரில் இருக்கிற பாசியால் அந்தக் கலர் என்று நீ அனுப்பியதை நான் படித்துக்காட்டினேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த ஏரிக்காரிய கேக்காம கொள்ளாம காலு வெச்சிருக்குது பொண்ணு, அவளுக்கு யாரு வெத்தல பாக்கு வெச்சா என்று கேட்டாள். அந்த ஊரில் வெற்றிலைக்கு எங்கே போவது என்றேன். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் வரப்பில் கிடந்த கல் ஒன்றைக் கழுவி மஞ்சள் பூசி எடுத்துப்போய் ஏழு கன்னிமாருக்குப் பக்கத்தில் எட்டாவதாக நட்டுவிட்டு வருகிறாள். அந்த ஊர் கன்னிக்கு அந்த ஊரில் செய்ய ஆள் இல்லை, அதனால் இங்கேயே அவளுக்கு ஒரு இடம் கொடுத்துச் செய்துவிட்டால் போயிற்று என்பது அவள் கணக்கு. நானும் ஒரு கல்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒன்றோடு நிறுத்தினாயா நீ. அடுத்தது இந்தோனேசியாவில் எரிமலை வாய்க்குள் மூன்று ஏரி, ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு, நினைத்தால் கலர் மாறும் என்றாய், அதோடு விட்டிருக்கலாம். செத்தவர்களின் ஆவியெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும் என்று அந்த மலை ஜனங்கள் நம்புகிறார்கள், வயதானவர்களுக்கு ஒன்று, வயசுப் பிள்ளைகளுக்கு ஒன்று, கெட்டவர்களுக்கு ஒன்று என்று வாய்ஸ் மெசேஜில் ரசித்து ரசித்துச் சொன்னாய். ஏன் தாயே, அதைச் சொல்லாமல் இருந்தால் உன் தலை வெடித்துவிடுமா? வயசுப் புள்ளைங்க போற ஏரிக்குப் பக்கத்துல போயி பல்ல காட்டிக்கினு நிக்குது பாரு என்று உன் அம்மா அன்றைக்கெல்லாம் அழுதாள். மூன்று ஏரிக்கு மூன்று கல். அதில் கெட்டவர்கள் ஏரியின் கல்லை மட்டும் முகம் தெரியாமல் திருப்பி நட்டிருக்கிறாள், கல்லுக்கு முகம் எது முதுகு எது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறது.

பிறகு வேலை மாறிக் கனடா போனாய், அங்கே ஏரிக்கா பஞ்சம். பால் கலந்த மாதிரி பச்சையாக ஒன்று. பனிப்பாறை மலையை உரசி உரசி அரைத்த கல்மாவு தண்ணீரில் மிதக்கிறது, அதனால் அந்த நிறம் என்று நீ சொன்னதும், மாவரைக்கிறவளா, நம்மூட்டுக்காரி மாதிரி என்று அவளுக்குக் கொஞ்சம் பிரியம் வந்து மாவிளக்கு போட்டாள். அது ஒன்றில்தான் எனக்கு லாபம், விளக்கு மாவு தின்றேன். அடுத்து வந்தது அந்தப் புள்ளி ஏரி. வெயில் காலத்தில் தண்ணீர் சுண்டி, வட்டம் வட்டமாகக் குட்டைகள், மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாக. அந்த மண்ணின் ஆதி ஜனங்களுக்கு அது சாமி ஏரி, வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய், அதைக் கேட்டு உன் அம்மாவுக்கு முதலில் சந்தோஷம்தான், அங்கியும் வெவரம் தெரிஞ்ச ஜனங்க கீறாங்க என்றாள். அப்புறம் படத்தைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா போட்டிருக்குது என்றாள். எனக்குப் புரியவில்லை. ஏரிக்கு அம்மை போட்டிருக்கிறதாம், உடம்பெல்லாம் முத்து முத்தாக. சொன்னால் சிரிப்பாய், சிரிக்காதே, அம்மை போட்ட வீட்டில் என்னென்ன கூடாது என்று உனக்குத் தெரியும் இல்லையா, அதெல்லாம் ஒரு வாரம் நம் வீட்டில் கூடாது. தாளிக்கவில்லை, எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை, கறி மீன் இல்லை, வாசலில் வேப்பிலை சொருகி வைத்ததைப் பார்த்து பால்காரர் உள்ளே வரவில்லை. கனடாவில் ஒரு ஏரிக்கு அம்மை போட்டதற்கு இங்கே கள்ளக்குறிச்சியில் ஒருவன் ஏழு நாள் மோரும் சோறுமாகத் தின்றான் என்று நீ உன் ஆபீசில் சொன்னால் யாராவது நம்புவார்களா? ஏழாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அந்தக் கல்லுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள், அன்றைக்குத்தான் எனக்குக் கருவாட்டுக் குழம்பு கிடைத்தது.

தை மாதத்தில் உறைந்துபோன ஏரியின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினாய், உனக்குக் கீழே ஐஸுக்குள் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் அடுக்கடுக்காக. படம் நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை, டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டவும் காட்டினேன். உள்ள யாரோ மூச்சு வுட்டுக்கினு கீறாங்க, இது மேல போயி படுத்துக்கினு கீது என்று உன் அம்மா துடித்தாள். பயம் தெளியட்டும் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன், அடியில் இலை தழை அழுகி வருகிற வாயு அது, நம் வீட்டு சாண எரிவாயு மாதிரி என்று சொன்னேன். அப்ப தீ வேற பத்துமா என்று கேட்டாள். எனக்கு இது தேவையா? அப்புறம் டொமினிக்காவில் கொதிக்கிற ஏரி. எரிமலை ஆவியில் உலை மாதிரி கொதிக்கிற தண்ணீரைப் பார்க்க மலை ஏறி இறங்கி நாளெல்லாம் நடந்திருக்கிறாய், வீட்டில் இருந்தபோது அடுப்பில் உலை கொதித்தால் எட்டிப் பார்க்காத பெண் நீ. அந்த ஏரிக்காரிக்கு உடம்பு காந்தும் என்று கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றினாள் உன் அம்மா. நானும் ஒவ்வொரு ஏரிக்கும் ஒன்று கேட்கிறேன், உப்பு ஏரி, கொதி ஏரி, பனி ஏரி, இதில் ஒன்றாவது ஒரு காணி நெல்லுக்குப் பாயுமா? கடைசியாக பொலிவியாவில் ரத்தச் சிவப்பு ஏரி, அதில் ஒற்றைக்காலில் நிற்கிற ரோஸ் பறவைகள். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதற்கு வருகிறேன்.

ஆக ஏழு கல் இருந்த இடத்தில் இப்போது பதினாறு கல். பூசாரி சின்னக்கண்ணு நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். கன்னிமாருன்னா ஏழு பேருதாங்க, பாட்டன் காலத்துல இருந்து ஏழு பேரு, பதினாறுன்னா நான் இன்னான்னு பேரு சொல்லி தீபம் காட்டறது என்று கேட்டார், நியாயமான கேள்வி. நீ உன் ஏழு பேருக்குக் காட்டு, மத்தவங்கள நான் பாத்துக்கறேன் என்று உன் அம்மா உள்ளே இருந்தபடியே சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கல்லைப் பிடுங்கிவிடுவாரோ என்று கூட நினைத்தேன், அதற்குள் கலையரசி வந்து காரியத்தைக் கெடுத்தாள். மேலத்தெருவில் இருக்கிறாளே, மகன் குவைத்தில் டிரைவராக இருக்கிறான், அவள்தான். அவளும் வந்து அந்த வெளிநாட்டுக் கல் வரிசையில் விளக்கு வைக்க ஆரம்பித்தாள். குவைத்தில் ஏது ஏரி, மணல்தானே என்று நான் கேட்டேன். ஏரி இல்லன்னா இன்னாண்ணா, புள்ள தூரத்துல கீது இல்ல என்றாள். அவளைப் பார்த்து மலேசியாவில் மகன் இருக்கிறவள், திருப்பூரில் மகள் இருக்கிறவள் என்று வெள்ளிக்கிழமையானால் கரையில் கூட்டம், திருக்கோவிலூரிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்தது. சின்னக்கண்ணு இப்போது பதினாறு பேருக்கும் தீபம் காட்டுகிறார், தட்டையும் கொஞ்சம் பெரிதாக மாற்றியிருக்கிறார். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் இன்னா தலைவரே, புதுசா எந்த நாட்டுப் பொண்ணு வந்து எறங்கியிருக்குது என்று கேட்கிறார்கள். மேடையில் ஏறிச் சாமி இல்லை என்று பேசினவன் வீட்டிலிருந்து ஒன்பது சாமி கிளம்பியிருக்கிறது.

இதெல்லாம் மானப் பிரச்சினை, போகட்டும், எனக்கு மானம் எப்போதோ போய்விட்டது. சாப்பாடுதான் பிரச்சினை. அந்தக் கொதி ஏரிக்குப் போனபோது உன் போன் செத்துவிட்டது, ஒன்றரை நாள் வார்த்தை வரவில்லை. பார்க்கச் சகிக்காமல் நான்தான் அறிவைக் கூப்பிட்டு, அக்கா கரை ஏறிட்டாளாம், எனக்கு மெசேஜ் போட்டிருக்கா என்று சொல்லச் சொன்னேன். அவனும் சொன்னான். உன் அம்மா அவன் முகத்தைப் பார்த்து, எங்கிட்ட சொல்லாம உங்கிட்ட இன்னாத்துக்குடா சொல்றா என்று ஒரே கேள்விதான் கேட்டாள். தடியன், நின்ற இடத்திலேயே உளறிவிட்டான். அதிலிருந்து எங்கள் இரண்டு பேர் சொல்லும் அவளிடம் எடுபடுவதில்லை, உன் வார்த்தை உன் போனிலிருந்து வந்தால்தான் உண்டு.

இப்போது அந்தச் சிவப்பு ஏரிக்கு வருகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி, இப்போது ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். நீ வைகாசிக் கடைசியில் அங்கே போனாய். காலையில் கிளம்பறேன் என்று சொன்னாய், அவ்வளவுதான். அன்று முழுக்க இல்லை, மறுநாள் காலையிலும் இல்லை. மறுநாள் மத்தியானம் நீ ஊரெல்லாம் பார்க்கிற இடத்தில் படம் படமாகப் போட்டிருக்கிறாய் என்று அறிவு காட்டினான், பறவை, ஏரி, பறவை, நீ, மறுபடி பறவை. அத்தனை படம் போட்ட கைக்கு அம்மாவுக்கு ஒரு வார்த்தை போட முடியவில்லை. படத்துலதான் நல்லா கீறாளே, சாப்பிடு என்று சொன்னேன். படம் ஏரிக்குள்ள நின்னுக்கினு எடுத்தது, ஏறினாளா இல்லியான்னு அதுல எங்க கீது என்கிறாள். அன்று சாயங்காலம் பட்டினியோடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு அந்தப் புதுக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தோடு போயிருக்கிறாள். கரையிலேயே விழுந்துவிட்டாள். கலையரசிதான் பார்த்து, ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு எனக்குச் சொல்லி அனுப்பினாள். நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குடம் உருண்டு தண்ணீரில் விழுந்திருக்கிறது சந்தியா, அவள் உருளவில்லை. நான் இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று சொல்லி நிறுத்தினார், படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், மனைவிக்குச் சோறு போட மாட்டீர்களா என்றார். ஆமாம் என்று நின்றேன், வேறு என்ன சொல்ல, பொலிவியாவில் ஒரு சிவப்பு ஏரி இருக்கிறது டாக்டர் என்றா சொல்ல முடியும்? கையில் குளுக்கோஸ் ஏறுகிறது, கண்ணைத் திறந்தவள் நர்ஸ் பெண்ணிடம் முதலில் கேட்டது, இது சாப்பாட்டுக் கணக்குல சேருமாம்மா என்று. அந்தப் பெண் புத்திசாலி, சேராதும்மா, மருந்துதான் என்றது. இட்லி வாங்கி வந்தேன், வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், உதட்டை மடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வார்த்தை வந்துச்சா என்று மட்டும் கேட்டாள். வரவில்லை. அந்த நேரத்தில் நீ மட்டும் என் எதிரில் இருந்திருந்தால், வளர்ந்த பெண் என்று பார்த்திருக்க மாட்டேன்.

வேறு வழி தெரியாமல் நான் சொன்னேன், ராணி, இந்த விரதத்த எங்கிட்ட குடுத்துடு, நான் இருக்கேன், நீ சாப்பிடு என்று. ஒருவர் எடுத்த வேண்டுதலை முடியாமல் போனால் வீட்டில் இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம், அது நம் பக்கத்தில் உள்ள வழக்கம்தானே. அவள் திரும்பிப் பார்த்தாள். நீ நம்பாத ஆளு, நீ இருந்தா செல்லுமா என்று கேட்டாள். பெத்தவன்தானே, செல்லாமல் எங்கே போகும் என்றேன். செல்லும், ஆனா அவங்க முன்னாடி வாயால சொல்லணும் என்றாள். குளுக்கோஸ் முடிந்ததும் ஆட்டோ பிடித்து நேராக வீட்டுக்குக் கூடப் போகாமல் கரைக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பதினாறு கல்லுக்கு முன்னால் நின்று, இனிமேல் என் மகள் ஏரிக்குப் போனால் அவள் கரை ஏறிச் சொல்லுகிற வரைக்கும் இவளுக்குப் பதிலாக நான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று சொன்னேன். சின்னக்கண்ணு வாயைப் பிளந்துகொண்டு என் கையில் மஞ்சள் கயிறு கட்டினார். உன் அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆறிப்போன இட்லி நாலையும் தின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பதினோரு மணிக்கு உன் வார்த்தை வந்தது, ஏறிட்டேம்மா, நெட் இல்ல, சாரி, பறவை பாத்தியா என்று. படம் போட மட்டும் நெட் இருந்திருக்கிறது.

ஆக, ஆடி பத்தாம் தேதியிலிருந்து எட்டு நாள் பட்டினி கிடக்கப்போவது உன் அம்மா இல்லை, உன் அப்பன். யாருக்கும் தெரியாமல் டீக்கடையில் இரண்டு போண்டா தின்றுவிட்டு வாருங்களேன், நீங்கதான் நம்பறதில்லையே என்று அறிவு சொல்கிறான். தின்னலாம், கல்லுக்கு நான் பயப்படவில்லை. அவள் அந்த இட்லியைத் தின்றது நான் சொன்ன சொல்லை நம்பித்தான், அது ஒன்றுதான் தொண்டையில் நிற்கிறது. டீயாவது குடிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன், பால் இல்லாமல் குடிக்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. உன் அம்மாவும் இத்தனை ஏரியில் ஒன்றுக்குக் கூடப் போகாதே என்று சொன்னதில்லை, அதை நீ கவனித்தாயோ இல்லையோ நான் கவனித்தேன். போ, பார், எங்களால் பார்க்க முடியாததை எல்லாம் பார். ஆனால் நீச்சல் தெரியாதவள் நீ, கரியாலூரில் பெடல் படகில் ஏறினபோதே என் சட்டையைப் பிடித்துக் கிழித்தவள், மிதவைச் சட்டையைத் தூங்கும்போது தவிர கழற்றாதே, ஊர் திரும்பியதும் நீச்சல் வகுப்பில் சேர். டவர் இல்லாத இடத்திலும் வானத்து வழியாக மெசேஜ் அனுப்புகிற சின்னக் கருவி ஒன்று வாடகைக்குக் கிடைக்குமாம், சரத்குமார் சொன்னான், அதை எடுத்துக்கொள். ஒவ்வொரு ஏரி முடிந்து படகைத் தூக்கும்போதும் அம்மா போனுக்கு ஒரு வார்த்தை. கதை வேண்டாம், பறவை வேண்டாம். விரதம் கை மாறிய விஷயம் உனக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே, என் சத்தியமும் போய்விடும். ஆத்திரத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே. சாமி உன்னைக் காப்பாற்றட்டும் என்று எழுத எனக்கு இன்னமும் கை வரவில்லை, அந்த வேலையை உன் அம்மா பார்த்துக்கொள்கிறாள், நீ நீடூழி வாழ வேண்டும் என்பது என் ஆசீர்வாதம். எனக்குப் பசி தாங்காது என்பது உனக்குத் தெரியும். ஆடி பத்தாம் தேதி காலைப் பலகாரம் வரைக்கும் சாப்பிடுவேன், அதற்குமேல் நீதான் எனக்குச் சோறு போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆதிமூலம்